பலத்தைச் சேமித்தவர்கள்

ஜூடோ வகுப்பின் முதல் நாள் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் ஒருவரோடு மல்லுக்கட்டினாலே மூச்சு வாங்கும், கைகள் விறைத்துவிடும். உங்களோடு மோதியவர் பல வருடம் பழகியவர் என்றால் வியர்வைகூட இல்லாமல் நிற்பார். நீங்கள் இரண்டு நிமிடமும் பலத்தைச் செலவழித்தீர்கள். அவர் தேவையான ஒரு நொடியில் மட்டும் செலவழித்தார்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் வரும் முக்கியமான இரண்டு பேருமே உடலால் சிறியவர்கள்.

முதலாமவர் ஜிகோரோ கானோ. 1860இல் ஜப்பானில் பிறந்தவர். உயரம் ஏறத்தாழ 5 அடி 2 அங்குலம். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் விடுதிப் பள்ளியில் பலசாலி மாணவர்களிடம் அடிவாங்கினார். பலமில்லாதவனும் பலசாலியை வெல்லலாம் என்று சொல்லப்பட்ட ஜுஜுட்சு என்ற பழைய கலையை, 1877இல் ஓர் ஆசிரியரைத் தேடிப்பிடித்துக் கற்கத் தொடங்கினார்.

அங்கேயும் பருத்த உடம்புள்ள ஒரு சக மாணவரை அவரால் அசைக்க முடியவில்லை. கானோ நூலகத்துக்குப் போய் மேலைநாட்டு மல்யுத்தம் பற்றிப் படித்தார். அதிலிருந்து, எதிராளியைத் தோளுக்குக் குறுக்கே தூக்கிப் போடும் ஒரு வீச்சைப் பழகிவந்து அவரை வீழ்த்தினார். பிறகு இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், சமநிலை குலையும் அந்தக் கணத்தில் அவரைத் தள்ளப் பெரிய பலம் தேவையில்லை. எதிராளியின் சமநிலையை முதலில் குலைப்பதை ஜப்பானிய மொழியில் 'குஸுஷி' என்பார்கள். ஜூடோவின் அடித்தளமே அதுதான்.

இதை விளக்கக் கானோ ஒரு சின்னக் கணக்குச் சொல்வார். எதிராளியின் பலம் 10, உங்கள் பலம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தள்ளும்போது நீங்களும் எதிர்த்துத் தள்ளினால் தோற்பீர்கள். அவர் தள்ளுகிற திசையிலேயே சற்றுப் பின்வாங்கினால், அவர் முன்னால் சாய்ந்து தடுமாறுவார். அந்த நொடியில் அவரிடம் இருப்பது வெறும் 3. நீங்கள் நிலைகுலையாததால் உங்கள் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியைச் செலவழித்தாலே போதும்.

1882இல் டோக்கியோவில் ஏய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில், 9 மாணவர்களோடு கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கொடோகன். ஆற்றலை மிகச் சிறந்த வழியில் பயன்படுத்து என்பதே பின்னாளில் அவருடைய கொள்கை வாசகமானது.

இரண்டாமவர் லண்டனில் வாழ்ந்தவர். கானோவின் ஜூடோ பிறந்த அதே ஜுஜுட்சுவை, 1900ஐ ஒட்டிய காலத்தில் ஜப்பானிய ஆசிரியர்கள் சிலர் அங்கே கற்பிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சடகாசு உயேனிஷியிடம் ஈடித் காரூட் என்ற பெண் கற்றார். உயரம் 5 அடிகூட இல்லை. பின்னர் அவரே ஆசிரியரானார்.

அப்போது பிரித்தானியப் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1910 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பொலிஸாரும் கூட்டத்தில் நின்ற ஆண்களும் அவர்களை மணிக்கணக்காகத் தாக்கினார்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்தவர்களை, உடல் தளர்ந்ததும் விடுதலை செய்து, சற்றுத் தேறியதும் மறுபடி பிடிக்கும் சட்டம் 1913இல் வந்தது. 'பூனை-எலிச் சட்டம்' என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தலைவி எமலின் பாங்கேர்ஸ்டைப் பாதுகாக்க ஏறத்தாழ 30 பெண்கள் கொண்ட ஒரு காவல் படை உருவானது. அவர்களுக்கு இரகசியமாகப் பயிற்சி கொடுத்தவர் காரூட். அவர்கள் உடைக்குள் மறைத்துவைத்திருந்த ஆயுதம் எது தெரியுமா? நம்முடைய கர்லாக்கட்டை! உடற்பயிற்சிக்காக இந்தியாவிலிருந்து பிரித்தானியாவுக்குப் போன பொருள் அது.

1914 பெப்ரவரியில் பாங்கேர்ஸ்ட் லண்டனில் ஒரு வீட்டு மாடியிலிருந்து பேசினார். பேச்சு முடிந்ததும் முகத்திரை போட்ட ஒரு பெண், காவல் படை சூழ வெளியே வந்தார். பொலிஸார் பாய்ந்து, அவரை அடித்து வீழ்த்திக் கைதுசெய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவர் பாங்கேர்ஸ்ட் இல்லை. உண்மையான பாங்கேர்ஸ்ட் தப்பிப் போயிருந்தார். பொலிஸாரின் பலம் முழுவதும் தவறான ஆள்மீது செலவானது. கானோவின் கணக்கு, ஒரு தெரு அளவுக்குப் பெரிதாகி நடந்தது போல.

ஆனால் அந்த ஏமாற்றுக்கு யாரோ ஒரு பெண் அடிவாங்கினார் என்பதையும் மறக்கக்கூடாது. அடுத்த மாதம் கிளாஸ்கோ மண்டபத்தில், மேடை அலங்காரத்துக்குள் முள்கம்பியை மறைத்து வைத்து அந்தப் பெண்கள் நேருக்கு நேர் மோதினார்கள். அங்கே பொலிஸார் மேடையேறிப் பாங்கேர்ஸ்டைக் கைதுசெய்துவிட்டார்கள். நேர் மோதலில் 7, 10ஐ வெல்வது கடினம். தற்காப்பில் மிகச் சிக்கனமான வழி, மோதாமலே தப்பிப்பதுதான்.

1918இல் 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்குச் சமமான உரிமை 1928இல்தான் வந்தது. காரூட் 1971இல், 99 வயதில் மறைந்தார். லண்டனில் இருப்பவர்கள் இஸ்லிங்டனிலுள்ள தோர்ன்ஹில் சதுக்கத்துக்குப் போனால், அவர் வாழ்ந்த வீட்டில் நினைவுப் பலகையைப் பார்க்கலாம்.

அடுத்த தடவை வகுப்பில் மூச்சு வாங்கும்போது "எனக்குப் பலம் போதாது" என்று சோர்ந்துவிடாதீர்கள். எந்த நொடியில் அதை வீணாக்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கானோவும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார்.