ஹூசாவிக்கில் திமிங்கலம் காணுதல்

ஹூசாவிக் என்பது ஐசுலாந்தின் வடகரையில், ஸ்கியால்வாண்டி விரிகுடாவின் ஓரத்தில் அமைந்துள்ள சிறிய துறைமுக ஊர் ஆகும். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள இவ்வூரிலிருந்து 1995 முதல் திமிங்கலம் காணும் படகுப் பயணங்கள் நடைபெற்று வருகின்றன. 1997 இல் இங்கு திமிங்கல அருங்காட்சியகம் ஒன்றும் நிறுவப்பட்டது.

திமிங்கலங்கள் வரும் காரணம்

விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் கொண்டுவரும் ஊட்டச்சத்துக்களாலும் கோடையின் நீண்ட பகல் வெளிச்சத்தாலும் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் கூனி இறால் போன்ற உயிரிகளும் சிறுமீன்களும் திமிங்கலங்களுக்கு இரையாகின்றன. கூன்முதுகுத் திமிங்கலங்கள் வெப்பமண்டலக் கடல்களில் ஈன்று, இரைதேடி வடக்கே வருகின்றன. இவற்றுடன் மிங்கி திமிங்கலம், வெண்மூக்கு ஓங்கில் ஆகியனவும் காணப்படும். உலகின் மிகப்பெரிய விலங்கான நீலத் திமிங்கலம் பெரும்பாலும் சூன் மாதத்தை ஒட்டித் தென்படுவதுண்டு.

பயணத்தைத் திட்டமிடல்

* காலம்: வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை படகுகள் செல்கின்றன. சூன் முதல் ஆகத்து வரை மிகவும் ஏற்றது.
* நாட்கள்: காற்று மிகுந்தால் பயணம் கைவிடப்படும். எனவே ஒரு நாளையேனும் கூடுதலாக ஒதுக்குவது நல்லது. திமிங்கலம் தென்படாவிட்டால் பல நிறுவனங்கள் கட்டணமின்றி மறுபயணம் அளிக்கின்றன.
* படகு: பழைய மீன்பிடி மரப்படகுகளில் பயணம் ஏறக்குறைய மூன்று மணிநேரம் நீடிக்கும். விரைவுப் படகுகள் அதிர்வு மிக்கவை. சிறு குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதுகுவலி உள்ளோர் ஆகியோருக்கு அவை ஏற்றவையல்ல.
* உடை: கோடையிலும் கடற்காற்று கடுங்குளிராக இருக்கும். நிறுவனங்கள் மேலாடை தந்தாலும் கம்பளி உடை, கையுறை, தொப்பி ஆகியன தேவை. கடற்பிணிக்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே உட்கொள்ள வேண்டும்.

நோக்கும் முறை

வழிகாட்டிகள் திசையைக் கடிகார முள்ளைக் கொண்டு கூறுவர். படகின் முன்முனை 12 மணி ஆகும். முதலில் தெரிவது பெரும்பாலும் திமிங்கலம் வெளிவிடும் மூச்சின் ஆவித்தூணே. கூன்முதுகுத் திமிங்கலம் வாலை உயர்த்தினால் ஆழத்துக்குச் செல்கிறது எனக் கொள்ளலாம். அது மீண்டும் எழப் பல நிமிடங்கள் ஆகும். வாலின் அடிப்புற வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், பயணிகள் எடுக்கும் ஒளிப்படங்களும் தனி விலங்குகளை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு உதவக்கூடும்.

வேட்டையும் சுற்றுலாவும்

ஐசுலாந்து 2006 இல் வணிகத் திமிங்கல வேட்டையை மீண்டும் தொடங்கியது. 2023 கோடையில் விலங்கு நலனைக் காரணம் காட்டி அரசு அதனை ஆகத்து இறுதிவரை நிறுத்தி வைத்தது. எனினும் 2024 திசம்பரில் ஐந்தாண்டு உரிமங்கள் வழங்கப்பட்டன. சுற்றுலாப் பயணிகள் உணவகங்களில் திமிங்கல இறைச்சியைச் சுவைத்துப் பார்ப்பதும் வேட்டைக்கு ஆதரவாக அமைகிறது. ஆகவே அதனைத் தவிர்க்குமாறு திமிங்கலம் காண அழைத்துச் செல்லும் நிறுவனங்களின் சங்கம் வேண்டுகோள் விடுத்தது.

படகுகளும் தீங்கு செய்யக்கூடும். நெருங்கித் துரத்தினால் திமிங்கலம் இரையுண்பதை விட்டு விலகும். குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கும் காலம் இதுவே. எனவே வேகத்தைக் குறைத்தல், வழியை மறிக்காதிருத்தல் ஆகிய நடத்தை நெறிகளைப் பின்பற்றும் நிறுவனத்தைத் தேர்வதும், இன்னும் அருகில் செல்லுமாறு படகோட்டியை வற்புறுத்தாமல் இருப்பதும் பயணியின் பொறுப்பாகும்.