ஆந்தைக் காசும் அம்மாவின் காசுமாலையும்

சில ஆண்டுகளுக்கு முன் மகளோடு ஏதென்ஸ் போயிருந்தேன். கடைத்தெருவில் எங்கு பார்த்தாலும் ஆந்தை பொறித்த வெள்ளிப் பதக்கங்கள். ஒன்றை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்ட மகள், "ஆச்சி காசுமாலை மாதிரி இருக்குல்லப்பா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அவள் வாங்கியது நகல். அசல், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரம் அடித்த நான்கு திராக்மா நாணயம். எடை சுமார் 17 கிராம். ஒரு பக்கம் காவல் தெய்வமான அதீனாவின் தலை; மறுபக்கம் அவளுடைய ஆந்தையும் ஒலிவக் கிளையும். வெள்ளி லாரியன் சுரங்கத்தில் கிடைத்தது. அந்தச் சுரங்க வருமானத்தில் கட்டிய கப்பல்களை வைத்துத்தான் கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றார்கள்.

காசை நகையாக்குவது நேற்று வந்த மோகமல்ல. அலெக்சாந்தர் இறந்து 700 ஆண்டுகள் கழித்தும், அந்தியோக்கியா மக்கள் அவர் உருவம் பொறித்த வெண்கலக் காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொண்டார்கள். நம் தாயத்தைப் போலத்தான். யோவான் கிறிசோஸ்தோம் என்ற கிறிஸ்தவப் போதகர் இதைக் கண்டித்துப் பேசியதால்தான் அந்தப் பழக்கம் நமக்குத் தெரியவருகிறது.

துளை விழுந்த காசைக் கண்டால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், விலையும் இறங்கிவிடும். ரோம் நகரின் புல்காரி நகைக்கடையை நிறுவியவர் ஒரு கிரேக்க வெள்ளி வேலைக்காரர். அந்தக் கடையினர் பழங்காசுகளைத் துளையிடாமல் தங்க விளிம்புக்குள் பதித்து நகை செய்கிறார்கள்.

எனக்கென்னவோ அந்தத் துளைதான் பெரிதாகத் தெரிகிறது. கைமாறிய காசுகளில் பல உருக்கப்பட்டு வேறு காசாகிவிட்டன. துளை விழுந்த காசோ, யாரோ ஒருவர் அதை நம்பி உடம்போடு வைத்திருந்தார் என்று சொல்கிறது.

என் அம்மாவின் காசுமாலை சவரன்கள் கோத்தது. மகள் கல்யாணத்துக்காக அதை நான்தான் உருக்கக் கொடுத்தேன். வளையம் பற்றவைத்த இடத்துக்கு ஆசாரி கழிவு போட்டபோது பேரம் பேசினேனே தவிர, ஒரு காசையாவது எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு காசு இருந்தால், உருக்குமுன் பேரப்பிள்ளைகளின் கையில் கொடுங்கள். யார் கழுத்தில் இருந்தது என்றும் சொல்லிவையுங்கள்.