உமல் போய் சொப்பிங் பேக் வந்த கதை



சொப்பிங் பேக்குக்கும் கடையில் காசு எடுக்கிறார்கள் என்ற பேச்சு எல்லா இடத்திலும் ஓடுகிறது. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பில்லில் போட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் அறிவித்தது. "சாமானுக்கும் காசு, அதைப் போடுற பேக்குக்கும் காசா?" என்ற கோபம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் பேக் எமது வீடுகளுக்குள் எப்படி வந்தது, அதை நிறுத்த நாடு எத்தனை தடவை முயன்றது என்று திரும்பிப் பார்த்தால் அந்தக் காசு வேறு மாதிரித் தெரியும். சற்று நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எமது ஊர்ப் பக்கம் வயது போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சந்தைக்குப் போனவர் கையில் பனையோலை உமல் இருந்தது. மீன் உமலுக்குள் வந்தது, அல்லது ஈர்க்கிலில் கோர்த்துத் தொங்கவிட்டபடி வந்தது. இறைச்சியைத் தேக்கிலையில் சுற்றிக் கொடுத்தார்கள். சீனியும் பருப்பும் பேப்பர் சரையில் வந்தன. மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் வீட்டிலிருந்தே போத்தல் போனது. சோடா குடித்தால் வெறும் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். பாத்திரம் கழுவச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போதும். குப்பை என்று வளவில் கிடந்ததை ஆடும் கோழியும் தின்றன, மிச்சம் தென்னைக்கு எருவானது.

இதை ஒரு பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்று யாரும் சுற்றாடலை நினைத்து உமல் தூக்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த உமலை இழைத்தவர்கள் பெண்கள். ஓலையைக் காயவைத்து, வார்ந்து, இழைத்து முடிக்க எத்தனை பொழுது போனது என்பதை எமது உம்மம்மாமாரின் விரல்கள்தான் அறியும். காகிதமும் எமக்குத் தூரத்துப் பொருளல்ல. 1956 இல் பக்கத்து வாழைச்சேனையில் காகித ஆலை தொடங்கியபோது அதற்கு மூலப்பொருளாக இருந்தது வைக்கோல். வயலில் மிஞ்சிய வைக்கோல் கடதாசியானது.

இனி பேக்கின் கதை. இன்று நாம் கையில் தொங்கவிடும், கைபிடியும் உடம்பும் ஒரே துண்டாக உள்ள பேக், சுவீடன் நாட்டுச் செல்லோபிளாஸ்ட் கம்பனியில் பிறந்தது. அதை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்தாஃப் தூலின். 1965 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றனவே என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது என்று அவருடைய மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தூலின் ஒரு பேக்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாவித்தாராம். கண்டுபிடித்தவர் பல தடவை பாவித்ததை உலகம் ஒரு தடவை பாவித்து எறியப் பழகிக்கொண்டது.

எமது நாட்டில் 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் மலிவாகக் கடைக்குக் கடை வந்து சேர்ந்தன. பேக் பாரமில்லை, ஈரம் புகாது, கடைக்காரர் சும்மா தருகிறார். உமலுக்கு யார் பொழுது ஒதுக்குவார்?

எமது பகுதிக்கு இன்னொரு கதையும் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு தண்ணீர் பிளாஸ்டிக் போத்தலில் வந்தது, சோறு லன்ச் சீட்டில் வந்தது, கூரையாகத் தறப்பாள் வந்தது. ஈராண்டு கழித்து வாகரைப் பக்கம் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான மக்கள் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். அந்த நாட்களில் பிளாஸ்டிக் உயிர் காத்த பொருள். அதை யாரும் மறுக்க முடியாது.

இதில் ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனைத் தடைசெய்யும் சட்டம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2007 ஜனவரி 1 இல். அதே ஜனவரி 19 இல்தான் வாகரை இராணுவத்தின் வசமானது. தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மைக்ரோன் கணக்கு எங்கே கேட்டிருக்கும்? சட்டம் கொழும்பில் பிறந்த நேரம் இந்தப் பக்கம் வாழ்க்கையே இடம்பெயர்ந்து கிடந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு பலவீனம் இருந்தது. ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பேக் 18 மைக்ரோனா 22 மைக்ரோனா என்று கடைக்காரரின் கண்ணுக்கும் தெரியாது, வாங்குபவரின் கைக்கும் தெரியாது. பேக் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு வந்தது 2017. அந்த வருடம் டெங்கு நாட்டை உலுக்கியது. 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 400க்கு மேற்பட்டோர் மரணித்தனர். மார்ச் மாதத்தில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று கிண்ணியா. எமது வாசலால் போகும் திருகோணமலை வீதியில்தான் அதுவும் இருக்கிறது. நுளம்புக்கு ஆறும் குளமும் தேவையில்லை. எறிந்த யோகட் கப், சிரட்டை, சுருண்டு கிடக்கும் பேக் ஒன்றில் தேங்கிய மழைத்தண்ணீர் போதும். ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 2017 செப்டம்பர் 1 இல் பொலித்தீன் லன்ச் சீட், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதற்கும் அன்றே தடை. 2021 மார்ச் 31 இல் சிறிய சஷே பக்கற்றுகளுக்குத் தடை. 2023 ஒக்டோபர் 1 இல் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, பீங்கான், இடியப்பத் தட்டு என்று இன்னொரு பட்டியல். ஒவ்வொரு தடவையும் பட்டியல் நீண்டது. பொருள்கள் பல வேறு பெயரில், வேறு தடிப்பில் திரும்பி வந்தன.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002 இல் இரண்டு நாடுகள் பேக்கை எதிர்த்தன. ஒன்று பங்களாதேஷ். 1988, 1998 வெள்ளங்களில் பேக்குகள் வடிகான்களை அடைத்ததைக் கண்ட அந்த நாடு, மெல்லிய பேக்கை முழுதாகத் தடைசெய்தது. உலகில் முதன்முதலில் அப்படிச் செய்த நாடு அதுதான். ஆனால் கண்காணிப்புத் தளர, பேக் சந்தைக்குத் திரும்பியது. 2024 இல் அதே தடையை மறுபடியும் அமுல்படுத்த வேண்டி வந்தது. மற்றது அயர்லாந்து. அது தடைசெய்யவில்லை. ஒரு பேக்குக்கு 15 சதம் எடுத்தது. கொஞ்ச காலத்திலேயே பேக் பாவனை 90 வீதத்துக்கு மேல் விழுந்தது. 15 சதத்தால் யாரும் ஏழையாகவில்லை. அந்தச் சதம் "வீட்டிலிருந்து பை கொண்டு வந்தாயா?" என்ற கேள்வியை ஒவ்வொரு தடவையும் கேட்டது. மக்கள் பை கொண்டு போகப் பழகினார்கள்.

இந்த வரலாறு எமக்குச் சொல்வது ஒன்றுதான். கடைக்காரர் கொடுப்பதைச் சட்டத்தால் ஓரளவுக்கு நிறுத்தலாம். வாங்கப் போகிறவர் கையில் என்ன இருக்கிறது என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. அதிலும் எமது ஊரில் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் பில்லும் இல்லை, விலைப்பட்டியலும் இல்லை. வர்த்தமானி அந்தச் சைக்கிள் வரைக்கும் வராது.

எமது பழக்கம் முழுதாகச் செத்துவிட்டதா என்றால், இல்லை. எருமைத் தயிர் இன்றும் மண் முட்டியில் வருகிறது. றமழான் மாதம் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் பாருங்கள், நோன்புக் கஞ்சிக்குப் பிள்ளைகள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். கஞ்சிக்குப் பாத்திரம் தூக்கிப் போகிற வீடு மீனுக்கும் தூக்கிப் போகலாம். இது புதிதாகப் படிக்க வேண்டிய பாடம் அல்ல.

எறிந்த பேக் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். மாரி வெள்ளத்தோடு வாவிக்கும் கடலுக்கும் போகிறது. பக்கத்துக் காயான்கேணிக் கடலின் பவளப்பாறைகளுக்காக 2019 இல் அது கடல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எமது மீன் வளரும் இடம் அது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பை மேட்டுக்கு வந்து பிளாஸ்டிக் தின்ற யானைகள், எட்டு வருடங்களில் சுமார் 20 மாண்டதாக 2022 இல் செய்திகள் வந்தன. அங்கே கொட்டப்பட்டது கிழக்கு மாகாண ஊர்களின் வீட்டுக் குப்பைதான்.

எனவே, ஊருக்குச் சில வேண்டுகோள்கள்:

1. மோட்டார் சைக்கிளில் ஒரு சீலைப் பை எப்போதும் கிடக்கட்டும். எமது வீடுகளில் மீன், இறைச்சி, மரக்கறி வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். அந்தக் காலத்தில் உமல் இழைத்தது பெண்கள். இந்தக் காலத்தில் பையை மறக்காமல் கொண்டு போகும் வேலையாவது வாப்பாமாரும் தம்பிமாரும் எடுத்துக்கொள்ளட்டும்.

2. மீனுக்கும் இறைச்சிக்கும் மூடியுள்ள ஒரு வாளி, இல்லாவிட்டால் பழைய ஐஸ்கிறீம் பெட்டி போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

3. பொலித்தீனை வளவு மூலையில் எரிக்க வேண்டாம். அந்தப் புகை முதலில் போவது எமது பிள்ளைகளின் நெஞ்சுக்குள். சமையல் கழிவைத் தென்னைக்குக் கீழே கிடங்கு வெட்டிப் போட்டால், எறிய மிஞ்சுவது கொஞ்சம்தான்.

4. வரும் ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி பங்கிடும்போது, "பாத்திரம் கொண்டு வாருங்கள்" என்று பள்ளிவாசலில் முதல் ஜும்ஆவிலேயே அறிவித்தால் என்ன? வீண்விரயம் பற்றி மிம்பரில் கேட்காதவர் எம்மில் யாரும் இல்லை. கேட்டதைச் செய்து காட்ட அந்த ஒரு நாள் போதும். எமது தமிழ்ச் சகோதரர்களின் கோயில் அன்னதானத்திலும் இதே யோசனை உதவும்.

உமல் எமது கையை விட்டுப் போக ஒரு தலைமுறைதான் எடுத்தது. பை திரும்பி வரவும் ஒரு தலைமுறை போதும். இப்போது வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள் வீட்டில் கண்டதைத்தான் நாளை செய்வார்கள்.

உங்கள் வீட்டில் உமல், ஓலைப்பெட்டி, பழைய போத்தல் ஏதாவது இன்னும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.