ஒரு பெர்மிட், நான்கு பிள்ளைகள்: வன்னிக் குடியிருப்புக் காணியின் கதை

 

நம்முடைய ஊர்களில் காணித் தட்டுப்பாடு என்றால் வெளியில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். "வன்னியில் இல்லாத காணியா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கியது. 1905இல் யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடியது. தண்ணீரும் பாதையும் வந்த பிறகு, 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் ஆரம்பமானது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைப்பதே நோக்கம். அதாவது, ஓரிடத்தில் காணி போதாமல் போனதால் உருவான ஊர் அது.

அதற்கு முந்திய வருடம், 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. நாம் எல்.டி.ஓ. பெர்மிட் என்று சொல்வது இதைத்தான். காணியைத் துண்டாடக்கூடாது, அனுமதியின்றி விற்கக்கூடாது, உரிமையாளருக்குப் பிறகு நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளிக்கே போகவேண்டும் என்பது அதன் அடிப்படை. ஏழை விவசாயியின் காணி கடன்காரன் கைக்குப் போகாமல் காப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சட்டம் அதைச் சொல்லவில்லை. எழுதிவைக்காமல் மௌத்தானால் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்ற வரிசை 2022 திருத்தம் வரை இருந்தது. நமது மார்க்கத்தில் பெண்பிள்ளைக்கும் வாரிசுப் பங்கு உண்டு. பெர்மிட் காணியில் அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். உலர்வலயக் குடியேற்றத் திட்டங்களில் முதலில் 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். 1950களில் அது 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேடு என்று குறைந்தது. 2 ஏக்கர் மேடு என்றால் 32 பரப்பு. நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8 பரப்பு. அவர்களுக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 2 பரப்பு. அதுவும் வாய்ப்பேச்சில்தான். தகப்பனுடைய பெர்மிட்டில் வீடு கட்டிய மகனிடம் வங்கிக்குக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

இதற்கு மேல் இடப்பெயர்வு. 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் எழும்பினார்கள். 1990 ஒக்டோபரில் புலிகளின் கட்டளையால் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று முஸ்லிம்கள் உட்பட வடக்கு முஸ்லிம்கள் வெளியேறினோம். 2009இல் வன்னி முழுவதுமே இடம்பெயர்ந்தது. 1990இல் பத்து வயதில் போன பிள்ளை, போர் முடிந்தபோது இருபத்தொன்பது வயதுக் குடும்பஸ்தன். ஒரு குடும்பமாகப் போனவர்கள் நாலைந்து குடும்பங்களாகத் திரும்பினோம். காணி அதே ஒன்றுதான். விட்டுப்போன இடங்களில் மரம் வளர்ந்து, பல இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் வந்திருந்தது. தமிழ் உறவுகளுக்கும் இதே கதைதான்.

இப்போது என்ன நடக்கிறது? மேட்டில் இடமில்லாதவர்கள் வயலோரத்தில் மண் கொட்டி வீடு கட்டுகிறார்கள். அனுமதியின்றி வயலை நிரப்புவது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். வாய்க்கால் அடைபட்டால் மாரியில் பக்கத்து வீட்டுக்குள் வெள்ளம். ஆனால் இடம் காட்டாமல் குற்றம் மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே காணிக் கச்சேரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றாக இருந்து கிராம சேவகர் பிரிவு வாரியாக ஒரு பட்டியல் எடுப்போம். ஒரு பெர்மிட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது, அடுத்த பதினைந்து வருடத்தில் எத்தனை பிள்ளைகள் கலியாணம் முடிப்பார்கள், ஊருக்குள் குடியிருக்கத்தக்க மேடு எங்கே, தொடக்கூடாத குளக்கரை, வாய்க்கால், மேய்ச்சல் தரை எங்கே என்று எழுதுவோம். அதைப் பிரதேச செயலகத்திடமும் பிரதேச சபையிடமும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுப்போம்.

உங்கள் வீட்டில் ஒரு பெர்மிட்டில் எத்தனை குடும்பம் என்பதைக் கீழே எழுதுங்கள். பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.