94-க்கு 0: தோற்றுக்கொண்டே இருந்த அணியும் சிரித்துக்கொண்டே இருந்த ரசிகர்களும்

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். ஹெல்மெட் மாட்டிய நாலைந்து பேர் மொத்தமாக மேலே வந்து விழுவார்கள். அந்த ஆட்டத்தில் பாராட்டும் பழியும் ஒரே ஆள் தலையில் வந்து இறங்கும். அந்த ஆளின் பெயர் குவார்ட்டர்பேக்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து அவன் கைக்கு வரும். தூரத்தில் ஓடுபவனுக்கு எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடியில் முடிவு செய்ய வேண்டும். அவனைக் காப்பாற்ற முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவர் இடிந்தால் அவன் கதி அதோகதிதான். ஆனால் மறுநாள் பேப்பரில் அந்த ஐந்து பேர் பெயர் வராது, குவார்ட்டர்பேக் பெயர்தான் வரும்!

இப்படி ஒரு ஆட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து தோற்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அது நடந்தது. அங்கே மாணவர்கள் அழவில்லை. சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் கதைதான் இது.

படிப்பில் முதல் பெஞ்ச், ஆட்டத்தில் கடைசி பெஞ்ச்

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் எவன்ஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். படிப்பில் பெரிய பெயர். ஃபுட்பாலில் 'பிக் டென்' என்ற கூட்டமைப்பில் ஆடுகிறது. அந்தக் காலத்தில் அந்தக் கூட்டமைப்பில் இருந்த ஒரே தனியார் பல்கலைக்கழகம் இதுதான். மற்றவை எல்லாம் மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் மாதிரி பிரம்மாண்டமான அரசுப் பல்கலைக்கழகங்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். சேர்க்கை விதிகளும் இங்கே கடுமை. நல்ல ஆட்டக்காரன் கிடைத்தாலும் மதிப்பெண் இடிக்கும்.

1978-இல் ரிக் வென்டூரி கோச்சாக வந்தார். முதல் ஆட்டம் இல்லினாய் அணியுடன் 0-0 என்று டிராவில் முடிந்தது. அப்போது யாருக்கும் தெரியாது, அதுவே அந்த வருடத்தின் சாதனை என்று! மூன்று வருடத்தில் அவர் கணக்கு: ஒரு வெற்றி, 31 தோல்வி, ஒரு டிரா. அந்த ஒரு வெற்றி 1979 செப்டம்பரில் வயோமிங் அணிக்கு எதிராக 27-22. அதற்கு அடுத்த வாரம் தொடங்கிய தோல்வி 1982 செப்டம்பர் வரை நிற்கவே இல்லை. மொத்தம் 34 ஆட்டங்கள். கீழ்மட்டப் பிரிவுகளில் இதைவிட நீண்ட சோகங்கள் உண்டு. ஆனால் பெரிய கல்லூரி அணிகளின் பிரிவில் இன்றுவரை இதுதான் சாதனை.

1981: ஒரு நஷ்டக் கணக்கு

வென்டூரி போனார். 1981-இல் டென்னிஸ் கிரீன் வந்தார். பிக் டென் வரலாற்றிலேயே முதல் கறுப்பினத் தலைமைக் கோச். இளம் வயது, நிறைய நம்பிக்கை. முதல் ஆட்டத்தில் இண்டியானாவிடம் 21-20 என்று ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. "சரி, இந்த வருடம் தேறிவிடும்" என்று தோன்றியிருக்கும், இல்லையா?

அதற்குப் பிறகு வந்த கணக்கைப் பாருங்கள். யூட்டாவிடம் 42-0. அயோவாவிடம் 64-0. மிச்சிகனிடம் 38-0. பர்டியூவிடம் 35-0. விஸ்கான்சினிடம் 52-0. ஒஹையோ ஸ்டேட்டிடம் 70-6. சீசன் முடிந்து கூட்டிப் பார்த்தால் 11 ஆட்டத்தில் எடுத்த புள்ளி 82, கொடுத்த புள்ளி 505. எந்தக் கம்பெனியின் கணக்கு இப்படி இருந்தாலும் ஆடிட்டர் மயங்கி விழுந்திருப்பார்!

இந்த வருடங்களில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் மைக் கெரிகன். எறிய நேரம் இல்லை. எறிந்தால் எதிரணி பிடிக்கும். எறியாமல் வைத்திருந்தால் நாலு பேர் மேலே விழுவார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதை.

ரசிகனின் நகைச்சுவை

இங்கேதான் நார்த்வெஸ்டர்ன் மாணவர்கள் வேறுபடுகிறார்கள். சிகாகோ வழியாக 'இன்டர்ஸ்டேட் 94' என்ற நெடுஞ்சாலை போகிறது. அதன் பெயர்ப் பலகையில் யாரோ ஒரு குறும்பன் கீழே 'நார்த்வெஸ்டர்ன் 0' என்று சேர்த்துவிட்டான். அதாவது ஸ்கோர் போர்டு மாதிரி: இன்டர்ஸ்டேட் 94, நார்த்வெஸ்டர்ன் 0. ரோட்டிடம்கூடத் தோற்றுவிட்டார்களாம்! நாற்பது வருடம் கழித்தும் அந்த அணியைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஜோக்கை விடுவதில்லை.

1981 நவம்பர் 7. சொந்த ஊரில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 61-14 என்று தோல்வி. அது தொடர்ந்து 29-ஆவது. பழைய சாதனை 28. தோல்வியில் புது சாதனை! மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். "நாங்கள்தான் படுமோசம்!" என்று கோஷம் போட்டு, சாம்பியன் ஆனவர்கள் செய்வதைப் போல கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள்.

கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு கேள்வி வரும். அன்று மைதானத்தில் தோற்றுப்போய் நின்ற இருபது வயதுப் பையனுக்கு அந்தக் கோஷம் எப்படிக் கேட்டிருக்கும்?

ரசிகனுக்குச் சிரிப்பு ஒரு கவசம். "தோற்றது எனக்கு வலிக்கவில்லை" என்று காட்டிக்கொள்ளலாம். தோற்றாலும் ஸ்டேடியத்துக்கு வர அது ஒரு காரணம் தருகிறது. சிரிப்பதற்காகவாவது வந்தவன், வராமலே போனவனைவிட மேல். ஆனால் அந்தக் கவசம் ஆட்டக்காரனுக்குக் கிடையாது. அவன் திங்கட்கிழமை மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டும். அதே மாணவர்களோடு வகுப்பில் உட்கார வேண்டும்.

இன்னொரு வகைச் சிரிப்பும் அங்கே இருந்தது. எதிரணி புள்ளி எடுக்கும்போது, பரவாயில்லை, ஒருநாள் நீங்கள் எங்களிடம்தான் வேலைக்கு வந்து நிற்பீர்கள் என்ற பொருளில் கோஷம் போடுவார்கள். இதில் நகைச்சுவையைவிடத் திமிர்தான் அதிகம். தன் அணியைக் கேலி செய்வது ஒன்று, எதிரில் இருப்பவனின் ஏழ்மையைக் கேலி செய்வது வேறு. தோல்வியில் இருந்து தப்பிக்கப் பணக்கார வீட்டு வாசலுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிற மாதிரி அது.

தோற்றவர்கள் உண்மையில் மோசமா?

அந்த அணியில் இருந்தவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ஆச்சரியம்.

மைக் கெரிகன் கனடாவுக்குப் போனார். 1986-இல் ஹாமில்டன் அணிக்காக கிரே கப் இறுதி ஆட்டத்தில் ஆடி எட்மன்டனை 39-15 என்று வீழ்த்தினார். அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. கனடாவின் மிகப் பெரிய கோப்பை அது!

அந்தத் தோல்வி வருடங்கள் முழுக்க நார்த்வெஸ்டர்னில் ஆடிய கிறிஸ் ஹின்டன், 1983-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்வு செய்தபோது அமெரிக்கா முழுவதிலும் நான்காவதாக எடுக்கப்பட்டார். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயை வாங்குவதற்காக டென்வர் அணி விட்டுக்கொடுத்தவர்களில் ஒருவர் இவர்தான்.

அப்படியென்றால் "குவார்ட்டர்பேக் சரியில்லை" என்ற பழைய பல்லவி எவ்வளவு தூரம் உண்மை? அதே ஆள் வேறு அணியில், வேறு சுவருக்குப் பின்னால் நின்றபோது கோப்பை வந்தது. சேர்க்கை, பணம், பயிற்சி, ஆள்பலம் எல்லாம் சேர்ந்து தோற்றதை ஒரே ஆளின் கையில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

ஏரிக்குள் போன கம்பம்

1982 செப்டம்பர் 25. நார்தர்ன் இல்லினாய் அணியை 31-6 என்று நார்த்வெஸ்டர்ன் வென்றது. மூன்று வருடம் கழித்து ஒரு வெற்றி! இந்த முறையும் கோல் கம்பங்களைப் பிடுங்கினார்கள். தெருவழியே தூக்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டார்கள். செயல் அதேதான். ஆனால் போன வருடம் கிண்டல், இந்த வருடம் கொண்டாட்டம்.

அந்த சீசனில் முதல் வருட மாணவரான சாண்டி ஷ்வாப் மிச்சிகனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 71 முறை பந்தை எறிந்து 45 முறை சரியாகச் சேர்த்தார். ஆட்டம் என்னவோ 49-14 என்று தோல்விதான். இருந்தாலும் எறியப் பயப்படாத ஒரு குவார்ட்டர்பேக்கை அந்த ஊர் பார்த்தது. சீசன் முடிவில் 3 வெற்றி, 8 தோல்வி. அதற்கே டென்னிஸ் கிரீனுக்கு அந்த வருடத்தின் சிறந்த பிக் டென் கோச் விருது கொடுத்தார்கள்! எவ்வளவு ஆழத்தில் இருந்து ஏறி வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜோக் முடிந்த நாள்

அதற்குப் பிறகும் தோல்விகள் தொடர்ந்தன. மாணவர்கள் ஸ்டேடியத்தில் மார்ஷ்மெல்லோ மிட்டாய்களை எறிந்து விளையாடினார்கள். 1992-இல் வந்த கோச் கேரி பார்னெட்டுக்கு அது பிடிக்கவில்லை, நிறுத்தச் சொன்னார். 1995-இல் பலமான நோட்ர டேம் அணியுடன் முதல் ஆட்டம். ஜெயித்தால் தன்னைத் தோளில் தூக்கக் கூடாது, எதிர்பார்த்தது நடந்த மாதிரி இருக்க வேண்டும் என்று வீரர்களிடம் சொல்லி வைத்தார். 17-15 என்று ஜெயித்தார்கள். அந்த வருடம் 10 வெற்றி, ஒரே தோல்வி, பிக் டென் பட்டம். 1949-க்குப் பிறகு முதன்முறையாக ரோஸ் பவுல் ஆட்டம். 1996 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே 41-32 என்று தோற்றார்கள்தான். ஆனால் இந்தத் தோல்வியைப் பார்த்து யாரும் 'படுமோசம்' என்று கோஷம் போடவில்லை.

கோல் கம்பங்கள் பிடுங்கப்பட்ட அந்தப் பழைய ஸ்டேடியம் 2024-இல் இடிக்கப்பட்டது. நெடுஞ்சாலை ஜோக் மட்டும் இன்னும் இருக்கிறது.

சிரிப்பு ஒரு அணியை மோசமான வருடங்களில் அனாதையாக விடாமல் காக்கும். ஆனால் "நாங்கள் இப்படித்தான்" என்று அது பழகிப்போனால், தோல்விக்கே வசதியான நாற்காலி போட்டுக் கொடுத்துவிடும். பார்னெட் அந்த நாற்காலியைத்தான் எடுத்துப் போட்டார். உங்கள் அணி அடுத்த முறை மண்ணைக் கவ்வும்போது ஜோக் அடியுங்கள், தப்பில்லை. மைதானத்தில் நிற்கிறவனும் சேர்ந்து சிரிக்க முடிகிற ஜோக்கா என்று மட்டும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.