மதோனியே மலைச்சாலையும் டயர்க் காற்றும்

சிசிலித் தீவின் பலேர்மோ நகருக்குக் கிழக்கே மதோனியே மலைகள் தொடங்குகின்றன. பலேர்மோவின் செல்வக் குடும்பத்தில் பிறந்த வின்சென்சோ ஃப்ளோரியோ, 1906 மே 6 அன்று அங்கே ‘தார்கா ஃப்ளோரியோ’ கார்ப் பந்தயத்தைத் தொடங்கினார். ஒரு சுற்று சுமார் 148 கி.மீ.; மூன்று சுற்றுகள். இத்தாலா காரில் வந்த அலெசாந்த்ரோ காஞ்ஞோ ஒன்பதரை மணி நேரத்தில் வென்றார்.

பந்தயப் பாதையோ இரும்புப் பட்டை பூட்டிய மாட்டுவண்டி, குதிரைவண்டிச் சக்கரங்களுக்கான கல்சாலை. காற்றடைத்த ரப்பருக்கு அது கொடிய சோதனை. டயரில் காற்று குறைந்தால் அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி விரியும், வெப்பம் ஏறும், உள்ளிருக்கும் நூலடுக்கு தளர்ந்து டயர் வெடிக்கும். கழற்றி மாட்டும் ரிம் பரவும் வரை, ஓட்டுநரும் மெக்கானிக்கும் வழியிலேயே டயரை உரித்து, புது டியூப் இட்டு, கையால் காற்றடித்தார்கள். அந்த உழைப்பு உண்மையிலேயே வியக்கத்தக்கது.

பந்தயம் 1977 வரை நடந்தது. அதே பொதுச்சாலைகளில் இன்று பாரமேற்றிய வீட்டு வண்டிகளும் ஏறுகின்றன. காற்று குறைந்தால் அவற்றுக்கும் அதே ஆபத்துதான் என்பதால், அவற்றின் டயர்க் காற்றைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.