விதியும் விலக்கும்: இந்திய அறிவியல் வரலாற்றில் இனமும் பாலினமும்

முன்னுரை

அறிவியல் அனைவர்க்கும் பொது என்பர். எனினும் அதனைப் பயிலும் வாய்ப்பும் அத்துறையில் பணிபுரியும் வாய்ப்பும் அனைவர்க்கும் ஒருபடித்தாக அமைந்ததில்லை. காலனிய இந்தியாவில் கல்வி நிறுவன விதிகள் எவர்க்குத் தளர்ந்தன, எவர்க்கு இறுகின என்பதை அறிவியலாளர் நால்வரின் வாழ்வைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இனத்தடை

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஜகதீஷ் சந்திர போசுக்கு, ஐரோப்பியர் பெற்றதினும் குறைந்த ஊதியமே வரையறுக்கப்பட்டது. அவர் மூன்றாண்டுகள் ஊதியத்தை ஏற்காமலே கற்பித்தார். இறுதியில் முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பெற்றது.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார் சி.வி. இராமன். அப்பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. இராமன் அதற்கு உடன்படவில்லை. அசுதோஷ் முகர்ஜியின் ஆதரவால் அவ்விதி தளர்த்தப்பட்டது. அதனால் அறிவியலுக்கு இழப்பு நேரவில்லை என்பதற்கு இராமன் 1930இல் பெற்ற நோபல் பரிசே சான்று.

பாலினத்தடை

1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் என்னும் பெருமையை இராமன் பெற்றார். அவ்வாண்டிலேயே, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரியான கமலா பாகவத் (பின்னாளில் கமலா சோஹோனி) அங்கு ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். பெண் என்னும் காரணத்தால் இராமன் மறுத்தார். கமலா நேரில் சென்று வாதிட்டதன் பின்னர், ஓராண்டுத் தகுதிகாண் நிபந்தனையுடன் சேர்க்கப்பட்டார். ஆடவர் கவனத்தைச் சிதைக்கலாகாது என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. 1939இல் அவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் ஆனர்சு பட்டம் பெற்ற அன்னா மாணி, மறு ஆண்டு இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்தார். 1942க்கும் 1945க்கும் இடையே ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் அவர் அளித்த ஆய்வேட்டிற்கு, முதுநிலைப் பட்டம் இல்லை என்று கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் மறுத்தது. பின்னர் வானிலைத் துறையில் சேர்ந்த அவர், வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே உருவாக்கும் பணியில் முன்னின்று, 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

முடிவுரை

1917இல் தகுதிவிதி தளர்ந்தது, 1945இல் தளரவில்லை. பின்னதில் விதி பாலினத்தைப் பெயர் சுட்டிக் கூறவில்லை என்பது உண்மையே. ஆயினும், திறமையைக் கண்டு விதியை விலக்கி வைக்கும் துணிவும், அதற்காகப் பரிந்து பேசும் அதிகாரமும் எவர்பொருட்டுச் செயற்பட்டன என்பது எண்ணத்தக்கது. இனத்தடையைக் கடந்து தலைமைக்கு வந்தோரும் பாலினத்தடையைத் தொடர்ந்தனர் என்பதைக் கமலாவின் வாழ்வு காட்டுகின்றது. பெற்ற பட்டங்களை மட்டும் பட்டியலிடும் வரலாற்றில் அன்னா மாணியின் ஆய்வேடு இடம்பெறாது. மறுக்கப்பட்டவற்றையும் சேர்த்து எழுதும்போதே அறிவியல் வரலாறு நிறைவுறும்.